பன்னிரண்டாம் குறிப்பு

"உப்பே போடச் சொல்லாத கறிக்கு 'உப்பு அளவாக இருந்தது' எண்டு எப்பிடி எழுதினனீங்கள், யதுர்சிகா?"

கொழும்பிலிருந்து கலாராணி மிஸ் தொலைபேசியில் கேட்டதும், யதுர்சிகாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

மன்னார் மாவட்டப் பெண்களின் சமையலைத் தொகுத்து மிஸ் ஒரு புத்தகம் கொண்டுவரப்போகிறா. அவர்கள் எழுதிக் கொடுத்த குறிப்புகள், பெயர் நீக்கி இலக்கம் மட்டும் போட்டு, நானாட்டானில் இருக்கிற யதுர்சிகாவுக்கு வரும். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சமைத்துப் பார்த்து, சரியா பிழையா என்று அறிக்கை அனுப்புவது அவளின் வேலை. சரி என்றால் எழுதியவரின் பெயரோடு புத்தகத்தில் வரும். பிழை என்றால் இல்லை. திருத்திக் கேட்க நேரமில்லை.

"பதினொரு குறிப்பு அனுப்பினனான். பதினொண்டும் சரியாம். உண்மையாச் சமைச்சனீங்களோ, கதிரையிலை இருந்து எழுதினனீங்களோ?"

"சமைச்சனான், மிஸ்" என்றாள். அது மிஸ்ஸுக்குக் கேட்டிருக்காது. அவளுக்கே கேட்கவில்லை.

"கடைசியா ஒண்டு அனுப்புறன். அதுக்கும் இப்பிடி எழுதினால் நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

இந்த வேலையை விட யதுர்சிகாவால் முடியாது. பட்டம் எடுத்து மூன்று வருடம் தேடி, ஆட்களோடு பேசத் தேவையில்லாத வேலை உலகத்தில் இது ஒன்றுதான் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

அவள் அளவில் ஒரு கிராம் தப்பாது. சின்னத் தராசு, அளவுக் கரண்டிகள், குறிப்பேடு எல்லாம் உண்டு. குறிப்பில்லாமல் ஒரு முட்டை பொரிக்க வராது என்பது வேறு விசயம்.

மிஸ் கேட்ட ஐந்தாம் இலக்க முருங்கைக்காய்ப் பால்கறியை அவள் உப்பில்லாமல்தான் வைத்தாள். பிறகு உப்பு எங்கிருந்து வந்தது?

அன்று மத்தியானம் அதையே திரும்ப வைத்தாள். கிணற்றடிக்குப் போவதுபோலப் போய், யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

அம்மா சிவபாக்கியம் குசினிக்குள் வந்தா. மூடியைத் திறந்தா. உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தா. உப்பைக் கிள்ளிப் போட்டு, தேசிக்காய் பிழிந்து, மூடியை மூடினா.

"அம்மா!"

"என்ன பிள்ளை, உப்பில்லாமல் ஆர் தின்னுறது?"

"எல்லாத்துக்கும் இப்பிடித்தான் செய்தனீங்களோ?"

"சீச்சீ." சிவபாக்கியம் கொஞ்சம் யோசித்தா. "ஒன்பதாம் நம்பர் நல்லாத்தான் இருந்தது."

ஊருக்கு முன்னால் வாய் திறக்காத யதுர்சிகா, தாய்க்கு முன்னால் பேராசிரியர். அறிக்கை என்றால் என்ன, அதில் பொய் கலந்தால் என்ன ஆகும், தான் படித்த படிப்பு எதற்கு என்று கால்மணி நேரம் விளங்கப்படுத்தினாள்.

"சரி பிள்ளை. இனிக் கை வைக்கமாட்டன்" என்றா சிவபாக்கியம்.

வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அப்பா பாலசிங்கம் தலையைத் தூக்கினார். "அப்ப இவ்வளவு நாளும் ருசியாச் சாப்பிட்டது கொம்மாவாலையோ? நான் உன்னாலை எண்டெல்லோ நினைச்சன்."

பன்னிரண்டாம் குறிப்பு வந்தது. குளத்து மீன் புளிக்குழம்பு. 'ஒரு பிடி புளி' என்று இருந்தது. யதுர்சிகா தன் கையால் ஒரு பிடி பிடித்து, அதையும் நிறுத்துப் பார்த்துப் போட்டாள். உப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போடவில்லை.

குழம்பு கொதித்ததும், மூடியின்மேல் ஒரு நெருப்புக்குச்சியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். வந்து பார்த்தபோது குச்சி வைத்தபடியே இருந்தது. தன் கால்மணி நேரப் பேச்சின் வலிமையை அவளே மெச்சிக்கொண்டாள்.

சாப்பாட்டில் அப்பா ஒரு வாய் வைத்தார். ஒரு செம்புத் தண்ணீரும் குடித்தார்.

"பிள்ளை, பதின்மூண்டு எப்ப வரும்?"

அம்மா முழுதையும் சாப்பிட்டு முடித்தா.

யதுர்சிகா அறிக்கையை எழுதினாள். நாக்கில் வராதது எல்லாம் பேனையில் வந்தது. எழுதியதைத் தாய்க்கு வாசித்தும் காட்டினாள்.

"'ஒரு பிடி என்பது யாருடைய பிடி? உப்பு எங்கே? இதை எழுதியவர் எப்போதாவது அடுப்படிக்குப் போயிருக்கிறாரா என்பதே சந்தேகம்.' எப்பிடி, அம்மா?"

"நல்லா எழுதியிருக்கிறாய்" என்றா சிவபாக்கியம்.

அடுத்த நாள் கலாராணி மிஸ் தொலைபேசியில் அழைத்தா. "இதெல்லோ அறிக்கை! அடுத்த புத்தகத்துக்கும் நீங்கள்தான். பன்னிரண்டைத் தூக்கியாச்சு. எழுதினவவுக்கும் இப்பதான் அறிவிச்சனாங்கள்."

"நன்றி, மிஸ்." இந்தமுறை சத்தம் கிணற்றடிவரை கேட்டது.

தொலைபேசியை வைக்கவும், அம்மாவின் தொலைபேசியில் ஒரு செய்தி வரவும் சரியாக இருந்தது.

"என்னெண்டு வாசி பிள்ளை, கண்ணாடியைக் காணேல்லை."

யதுர்சிகா உற்சாகமாகத் தொடங்கினாள். "திருமதி சிவபாக்கியம் பாலசிங்கம் அவர்களுக்கு, தாங்கள் அனுப்பிய மீன் புளிக்குழம்புக் குறிப்பைச் சமைத்துப் பார்த்ததில்..."

திரும்பவும் பெயரைப் பார்த்தாள். கிழமைக்கு இரண்டு தரம் சாப்பிடுகிற குழம்பு. இலக்கம் போட்டு வந்ததும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"உங்கட குறிப்போ, அம்மா? ஏன் சொல்லேல்லை? நான் குளிக்கப் போன நேரம் கொஞ்சம் உப்புப் போட்டு, புளிப்புக் குறையக் கொஞ்சம் தண்ணி விட்டிருக்கலாமே... மற்ற எல்லாத்துக்கும் செய்தனீங்கள்தானே?"

சிவபாக்கியம் தொலைபேசியை வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தா.

"அதுகள் அழகம்மா, நிருஷா எண்டு எங்கட சனங்களின்ர கறி. பாத்தவுடனை ஆரின்ர எண்டு எனக்குத் தெரியும். கைக்கணக்கிலை சமைச்சதுகள், எழுதேக்கை உப்பை விட்டிட்டுதுகள். அதுகளின்ர பெயர் ஒருக்காப் புத்தகத்திலை வரட்டுமெண்டு போட்டனான். என்ர பெயர் வரவேணுமெண்டு நானே போட்டால், அது களவெல்லோ, பிள்ளை?"