புதுக்கூடை

போடிமெட்டு ஏலத்தோட்டச் சரிவில் மழை விட்டு, இலைகளில் வெயில் மினுங்குகிறது. பறிகூடையைப் புதிதாக வடிவமைக்க வந்த வசுமதி, ஒரு மாதமாகக் காய் பறிக்கும் பெண்களோடு தங்கி எல்லாவற்றையும் பார்த்தவள். காய் குறைந்தால் கங்காணி திருப்பதி கூடையை உதைப்பதையும், அந்த உதையில் ஒச்சம்மாளின் விரல் ஒடிந்ததையும் பார்த்தவள். இன்று அவள் செய்த கூடை ஒச்சம்மாளின் முன்னால் இருக்கிறது. திருப்பதி வருகிறான், எட்டி உதைக்கிறான். கூடை அசையவில்லை. கூடையின் அடியில் சாக்குத் துணிக்குள் வைத்துத் தைத்த கனத்த இரும்பு வளையம் ணங்கென்கிறது. அவன் காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்காருகிறான்.

"சரிவுல உருளக் கூடாதுல்ல, அதுக்குத்தான் இரும்பு," என்கிறாள் வசுமதி, முகம் மாறாமல்.

ஒச்சம்மாள் அவன் பக்கம் குனிகிறாள். "இன்னொருக்கா எத்துங்கண்ணே. நல்லா நிக்குதான்னு அந்தப் பிள்ளை பாக்கணும்ல."