இறங்கின தண்ணி

தொண்டையில ஆபரேஷன் ஆனதிலேருந்து சிங்கமுத்துவுக்கு மூக்கு வழியா விட்ட டியூப்லதான் சாப்பாடு. வடிகட்டின கஞ்சியைப் பெரிய சிரிஞ்சுல ஊத்தி, அவரு தலைக்கு மேல தூக்கிப் பிடிப்பா பொண்டாட்டி தனக்கொடி. கஞ்சி தானா இறங்கும். அது இறங்க இறங்க, புள்ளைக்கு ஊட்டுறவ வாயைத் திறக்குற மாதிரி, இவளும் எச்சிலை முழுங்கிக்கிட்டே இருப்பா.

"ஏன்க்கா, ஊத்துறது அவருக்கு, முழுங்குறது நீங்களா?"ன்னு நர்ஸ் சிரிப்பாங்க. "அவரு முழுங்குறதையே மறந்துறப் போறாரு!"

இவளும் சிரிப்பா. கஞ்சி ஊத்தும்போதெல்லாம் அவரு கண்ணு இவ தொண்டையிலயே இருக்குறதை அப்புறம்தான் கவனிச்சா.

முழுங்க வெச்சுப் பாக்குற நாள் வந்துச்சு. ஒழுங்கா இறங்கினா டியூப்பை எடுத்துடலாம். தப்பி நுரையீரலுக்குப் போச்சுன்னா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. ஒரு ஸ்பூன் ஐஸ் தண்ணியை அவரு வாயில விட்டாங்க.

"முழுங்குங்கய்யா."

அவரு வாயை மூடிக்கிட்டு தனக்கொடியோட தொண்டையையே பாத்தாரு. அசையக் கூடாதுன்னு இவ பல்லைக் கடிச்சா. முடியல. முழுங்கிட்டா.

"எங்க, வாயைத் திறங்க." வாய் காலி. ஒரு இருமல்கூட இல்ல. "சூப்பர்யா! இப்பவே எடுத்துடலாம்."

அவரு வாயில விட்ட அந்த ஐஸ் தண்ணி, தனக்கொடியோட நெஞ்சுக்குள்ள சில்லுன்னு வயித்தைப் பாத்து இறங்கிக்கிட்டிருந்துச்சு. அவரு மூக்குல ஒட்டியிருந்த பிளாஸ்டரை நர்ஸ் பிரிக்க ஆரம்பிச்சாங்க. "டாக்டரம்மா, வேண்டாம்..."ன்னு இவ வாயெடுத்தா.

சிங்கமுத்து அவ கையை இறுக்கிப் பிடிச்சு, சொல்லாதேன்னு மெதுவா தலையாட்டினாரு.