அதே சத்தம்

"பைக்குக்கு சைலன்சரை மாத்தியும் அதே சத்தம்தாண்ணே வருது" என்றாள் அவள்.

மெக்கானிக் கார்புரேட்டரைத் திறந்தார். "புது சைலன்சருக்கு ஏத்த மாதிரி பெட்ரோலைக் கூட்டி வைக்கிறேம்மா. வண்டி நிக்கும்போது இன்ஜின் ஓடுற அந்த மெதுவான ஐடிலிங் மட்டும் அப்படியே இருக்கட்டும். உங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே உட்கார்ந்து வெச்சுக்கிட்டது."

"அதையும் மாத்திடுங்க."

"அவர் வந்து என்னைச் சத்தம் போடுவாரேம்மா!"

"அவர் தவறி நாலு மாசமாச்சுண்ணே. வண்டியை வித்துட்டேன். வாங்கினவர் எங்க தெருவழியாதான் தினம் வீட்டுக்குப் போறார். அவரைக் கெஞ்சித்தான் வண்டியைக் கொண்டு வந்தேன்."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"மாமனாருக்கு ஞாபகம் நிக்கறதில்ல. சாயங்காலம் இந்தச் சத்தம் கேட்டா, மகன் வந்துட்டான்னு கேட்டைத் திறந்து வெச்சுட்டு நிக்கிறார். நான் போய் விஷயத்தைச் சொல்றேன். தினமும், இன்னைக்குத்தான் போன மாதிரி அழறார்."