மேல்வீட்டு ரொக் அண்ட் ரோல்

"பாலும் குடிச்சிட்டான். பேந்தும் ஏனப்பா இப்பிடிக் கத்துறான்?" என்றாள் ஷெரோன்.

டனிஸ்ரனுக்கும் விளங்கவில்லை. பிறந்த நாள்தொட்டு மகன் பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரம் முழுக்கக் கேட்கும்படி அழுகிறான். மேல்வீட்டு அருமைராசா அண்ணை மாலைதோறும் அலறவிடும் பழைய ரொக் அண்ட் ரோல் பாடகியின் ஆட்டப்பாட்டுகளைப் பிரசவத்துக்கு முதல் நாளே சண்டைபிடித்து நிறுத்தியது எவ்வளவு நல்லது!

திடீரென்று மேலே அதே பாடகி துள்ளத் தொடங்கினாள். டனிஸ்ரன் கொதித்துப்போய்ப் படியேறிக் கதவைத் தட்டினான்.

"கோவியாதேங்கோ தம்பி. பிள்ளையின்ர அழுகை தாங்கேலாமத்தான் போட்டனான்." அண்ணை பதறிப் பாட்டை நிறுத்தினார்.

கீழே மகன் மறுபடி வீரிட்டான்.

"ஐயோ, நிப்பாட்டாதேங்கோ!" ஷெரோன் படியடியிலிருந்து கத்தினாள். "இப்பத்தான் கண்ணை மூடினவன். பத்து மாசமும் என்ர வயித்துக்குள்ள அந்தப் பொம்பிளையைக் கேட்டுத்தானே படுத்தவன்!"

டனிஸ்ரன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணை... கொஞ்சம் சத்தமாப் போடுங்கோ."