காணாமல் போன ஷூ

வாசலில் ஷூவைக் காணவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் குனிந்து தேடினார். ஸ்டாண்டை நகர்த்திப் பார்த்தார். வேலைக்குப் போட்டுப்போகும் கனத்த கறுப்பு ஷூ, இரண்டுமே மாயம். சட்டைப் பையில் சூப்பர்வைசரின் அழைப்பு விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது.

மூக்கின் மேல் கோபம் உள்ள மனுஷன். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று கத்துவார். எதற்குக் கத்துகிறோம் என்பது அவருக்கே பாதியில் மறந்துபோகும். கத்தல் மட்டும் நிற்காது. இன்னொரு தடவை இப்படிக் கத்தினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று மனைவி சொன்ன பிறகுதான் கவுன்சலரிடம் போனார்.

கவுன்சலர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. வீட்டு வாசலிலேயே ஷூவைக் கழற்றுங்கள். வெறுங்காலில் நின்று தரையைக் கவனியுங்கள், மூச்சைக் கவனியுங்கள். பிறகு உள்ளே போங்கள்.

இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனாலும் விடாமல் செய்துவந்தார்.

இப்போதும் நின்றார்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் அடங்கிவிட்டது. மனைவி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

தரை சில்லென்றிருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் யாரோ சிந்திய சர்க்கரை நறநறத்தது. மூச்சு முட்டிக்கொண்டு வந்தது. வரட்டும் என்று விட்டார். கோபமும் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டார். யாரும் உபசரிக்காத விருந்தாளிபோல் அது கொஞ்ச நேரத்தில் தானாகவே கிளம்பியது.

"பாப்பா, அப்பா ஷூவப் பாத்தியாம்மா?"

அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

மகளின் அறையை எட்டிப் பார்த்தார். அவள் கட்டில் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். கட்டில் நடுவே, அவளுடைய தலையணையில், பூப்போட்ட போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு இரண்டு ஷூவும் படுத்திருந்தன.

உதட்டில் விரல் வைத்துக் கிசுகிசுத்தாள்.

"சத்தம் போடாதப்பா. ஷூவுக்குத்தான் கோவம் வரும். இப்பத்தான் தூங்க வெச்சேன்."

இந்தப் பிஞ்சு இத்தனை நாள் எப்படிப் பயந்திருக்கும் என்று நினைக்கவே தாங்கவில்லை.

போர்வையை மெல்ல விலக்கி, ஷூவை இரண்டு கைகளிலும் ஏந்தி, நுனிக்காலில் நடந்து வந்தார். சமையலறையிலிருந்து வந்த மனைவி கதவைச் சத்தமில்லாமல் திறந்துவிட்டாள்.

தெருமுனை தாண்டித்தான் அவர் அதைக் காலில் மாட்டினார்.