கோணல் கட்டம்

“துணிமணியை எடுத்து வைம்மா. இன்னிக்கே என்கூடக் கிளம்பு.”

உள்ளே கால் வைத்ததுமே அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

தங்கை மேஜைமுன் உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, காகிதத்தில் ஒரு கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. பக்கவாதம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. செயலிழந்தது இப்போது பேனா பிடித்திருக்கும் அந்த வலது கைதான்.

பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு மெஷின்மேல் குனிந்திருந்தார். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, அது பேனாவைப் பிடித்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

“என்ன மாப்பிள்ளை இதெல்லாம்?”

“பழைய படம் மச்சான். கம்ப்யூட்டர் வந்த புதுசுல அதை வச்சு ஒருத்தர் வரைஞ்சது. மேல கட்டமெல்லாம் வரிசையா நிக்கும். கீழ வர வரக் கலைஞ்சு சாய்ஞ்சு போகும். அதை மறுபடி வரையறேன். கோணல் கட்டத்துக்கு மட்டும் இவ கை வேணும். தினம் அஞ்சு போட்டுக் குடுப்பா. அதை ஸ்கேன் பண்ணி மெஷினை வரைய விடுவேன்.”

“என் தங்கச்சி கை கோணினது உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?”

“சும்மா இருண்ணா. நான் எங்கேயும் வரலை,” என்றாள் தங்கை, தலை நிமிராமலே. “இன்னும் ரெண்டு வரிசை பாக்கி. நான் இல்லாம அவருக்கு வேலை நடக்காது.”

அண்ணன் மாப்பிள்ளையைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“ஏங்க, கம்ப்யூட்டருக்குக் கோணலாப் போடத் தெரியாதா?”

“தெரியும். ரெண்டு வரி ப்ரோக்ராம் எழுதினா ஆயிரம் போட்டுத் தரும்.”

“பின்னே?”

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

“கைக்குப் பயிற்சின்னு டாக்டர் ரப்பர் பந்து குடுத்தார். தூக்கி எறிஞ்சுட்டா. ‘நான் இனி யாருக்கு ஆகப்போறேன்’னு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவதான். கெஞ்சினேன், திட்டினேன். மசியலை. ஒருநாள், ‘எனக்குக் கோணல் கட்டம் வேணும், மெஷினால முடியலை, நீ போட்டுக் குடேன்’னேன். எழுந்து உட்கார்ந்துட்டா.”

கையோடு கொண்டுவந்திருந்த பாதிப் படத்தை நீட்டினார். “கீழேருந்து பாருங்க. அடிவரிசை முதல் வாரம் போட்டது.”

அதைக் கட்டம் என்றே சொல்ல முடியாது. சிக்கிப் போன நூல் மாதிரி இருந்தது. அடுத்த வரிசையில் நாலு பக்கம் தெரிந்தது. இன்னும் மேலே போனால் மூலைகள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்திருந்தன. அண்ணனின் விரல் வரிசை வரிசையாக ஏறியது. பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இது ஒரு சாக்குன்னு அவளுக்குத் தெரியுமா?”

“இன்னும் சொல்லலை.”

அதற்குள் தங்கையே காகிதமும் கையுமாக வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

“என்னங்க, கோவிச்சுக்காதீங்க. எவ்வளவோ மெனக்கெட்டுப் பார்த்துட்டேன். இன்னிக்கும் கோணலா வரமாட்டேங்குது!”