கடைசி வரி

"கடைசி வரியைப் படிங்க" என்றார் கண் டாக்டர் பிரன்னர். வெள்ளிக்கிழமை, பந்தைக் கையால் பிடித்து ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், ஓஹையோவிலுள்ள அவருடைய சிற்றூரின் பள்ளி அணி தோற்ற கோபம், திங்களாகியும் அவருக்குத் தணியவில்லை.

முதல்முறை வந்திருந்த வெர்னன் தடுமாறாமல் படித்தார்.

"அபாரம் சார்! அந்த ரெஃபரிக்கு இதுல பாதிப் பார்வை இருந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போம். பந்தைப் பிடிக்கப் போன நம்ம பையனோட கையை எதிரணிக்காரன் பிடிச்சு இழுக்கறான், அந்த ரெஃபரி ஃபவுல் தரலையே!"

"பந்து கைக்கு வந்தப்புறம்தான் இழுத்தான், டாக்டர். அது தப்பில்லை."

"வர்றதுக்கு முன்னாடியே! மூணாவது வரிசையில உட்கார்ந்து நானே பார்த்தேன்."

"அது கிடக்கட்டும். என் பார்வை சரியா இருக்குன்னு எழுதிக் குடுங்க. யாரோ புகார் குடுத்திருக்காங்க. சான்றிதழ் இல்லைன்னா என் வேலை போயிடும்."

"இந்தக் கண்ணுக்கா புகார்?" டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். "எந்த மடையன் சார் அவன்?"

வெர்னன் சான்றிதழை வாங்கிக்கொண்டு பையைத் திறந்தார். விசிலையும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட ரெஃபரி சட்டையையும் ஒதுக்கி, அடியிலிருந்த புகார்க் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"கடைசி வரியைப் படிங்க, டாக்டர்."

அங்கே இருந்தது டாக்டரின் சொந்தப் பெயர்.